தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள்

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஊரைப் பத்தி என்ன அக்கறை இருக்கு? கிராம சபைக்கு ஒருத்தனாவது வர்றானா பாருங்க."

டீக்கடையிலும் ஊராட்சி அலுவலக வாசலிலும் இந்தப் பேச்சு காதில் விழாத ஊர் தமிழ்நாட்டில் இருக்குமா என்று தெரியவில்லை. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் ஊருக்காக நாலு ஆபீஸ் ஏறி இறங்கியவர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்தப் பேச்சை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். பொங்கல் சமயத்தில் ஊரில் நடக்கிற கிரிக்கெட் போட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? மைதானத்தைச் சீர்செய்ய ஜேசிபி பேசுவது, ஒவ்வொரு அணியிடமும் நுழைவுக் கட்டணம் வாங்குவது, முதல் பரிசிலிருந்து நான்காம் பரிசு வரைக்கும் கொடுக்க ஆள் பிடிப்பது, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு, மைக் செட், அம்பயர், சண்டை வந்தால் சமாதானம், கடைசியில் வரவு செலவை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. இத்தனையும் இருபது வயதுக்காரர்கள் செய்கிறார்கள். கணக்கில் ஐம்பது ரூபாய் இடித்தால் கேட்க பத்துப் பேர் இருக்கிறார்கள். நிர்வாகம் என்று நாம் சொல்வது இதைத்தானே?

இன்னும் பெரிய உதாரணமும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது விழுந்த மரத்தை வெட்டி வழி உண்டாக்கியதும், பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோய்ச் சேர்த்ததும் பெரும்பாலும் இளைஞர்கள்தான். அதன் தொடர்ச்சியாகப் பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் 'கைஃபா' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, 2019-இல் பேராவூரணி பெரிய குளத்தைத் தூர்வார இறங்கினார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று காத்திருந்து பழகிய ஊர்களில், ஊர்க்காரர்களிடமும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களிடமும் பணம் திரட்டி, இயந்திரம் பேசி, கரையைப் பலப்படுத்தினார்கள். இவர்களைப் பார்த்து அக்கறை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியென்றால் இதே பிள்ளைகள் கிராம சபைக்கு மட்டும் ஏன் வருவதில்லை? என் பதில் இது: நாம் அவர்களை வேலை செய்யக் கூப்பிடுகிறோம், முடிவெடுக்கக் கூப்பிடுவதில்லை. எல்லாம் முடிவான பிறகு உட்கார்ந்து கைதட்டக் கூப்பிட்டால் எந்த வயதுக்காரருக்கும் வர மனம் வராது.

சட்டம் எப்போதோ கூப்பிட்டுவிட்டது

வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால். 1989-இல் நடைமுறைக்கு வந்தது. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று அமலுக்கு வந்து, கிராம சபைக்கு அரசியலமைப்பிலேயே இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 வந்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது எளிமையான ஒரு உண்மை: ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய அன்றே ஒரு பதினெட்டு வயதுப் பெண் கிராம சபையின் உறுப்பினர். யாரும் அவளை நியமிக்க வேண்டாம், அனுமதிக்க வேண்டாம். சட்டமன்றத்தில் அவளுக்காக வேறொருவர் பேசுகிறார். கிராம சபையில் அவள் தானே எழுந்து பேசலாம்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் நடந்துகொண்டிருந்த கிராம சபை, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து இப்போது ஆறு நாள். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகைக் கணக்கும் உண்டு. மக்கள்தொகை 500 வரை இருக்கும் ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஏழு நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

போட்டியிட 21 வயது போதும். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் 25 கேட்கிற அதே அரசியலமைப்பு, உள்ளாட்சிக்கு மட்டும் நான்கு ஆண்டைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. 2020-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவரானார். 2021-இல் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டிக்கு, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பொறியியல் பட்டதாரி சாருகலா தலைவரானார். 2022-இல் பிரியா 28 வயதில் சென்னை மேயர். பக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஆர்யா ராஜேந்திரன் 2020 டிசம்பரில் மேயரானபோது வயது 21. இவர்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் நாற்காலியில் ஒரு இளைஞர் உட்கார்ந்துவிட்டால் ஊரின் இளைஞர்கள் எல்லாரும் முடிவில் பங்கெடுத்தார்கள் என்று ஆகிவிடாது. தலைவர் ஒருவர். சபையில் உட்கார வேண்டியவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள்.

கூட்டம் எப்படி நடக்கிறது

பல ஊர்களில் நான் பார்த்த கூட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். காலை பதினொரு மணி. சமுதாயக்கூடம் அல்லது கோயில் அரசமரத்தடி. ஜமுக்காளத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊராட்சி செயலர் கூட்டப் பொருளை வாசிப்பார். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு என்று மாநிலம் முழுக்க ஒரே பட்டியல். ஊர்ப் பொருள் கடைசியில் வரும். அதற்குள் வெயில் ஏறிவிடும், பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். தீர்மானப் புத்தகம் கை மாறும், கையெழுத்து விழும், சிலர் கையெழுத்தை முதலிலேயே போட்டிருப்பார்கள். பற்றாளராக வந்த அலுவலர் மணி பார்ப்பார்.

இதில் ஒரு பையன் எழுந்து, "போன வருஷம் எங்க தெருவுக்குத் தீர்மானம் போட்டீங்களே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டால் என்ன நடக்கும்? "தம்பி, நீ யாரு மகன்?" என்று ஒரு குரல் வரும். "உட்காருப்பா, எல்லாம் தலைவர் பாத்துக்குவாரு" என்று இன்னொன்று. மேற்கொண்டு பேசினால், "எந்தக் கட்சிக்காரன் தூண்டிவிட்டான்?" அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பையன் வரமாட்டான். அவன் வராததை நாம் அக்கறையின்மை என்று எழுதிவைத்துக்கொள்வோம்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் கஷ்டம். அவள் பேசிய விஷயம் அவள் வீடு போய்ச் சேரும் முன்பே அப்பா காதுக்கு வந்திருக்கும். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு தமிழ்நாட்டில் சட்டமாகியிருக்கிறது. பதவிக்கு அது வழி திறந்தது. பத்தொன்பது வயதுப் பெண் நாலு பேர் முன்னால் சாக்கடையைப் பற்றிக் கேட்பதற்கான தைரியத்தை அது தானாகக் கொண்டுவந்துவிடவில்லை.

சாதியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஊர்த்தெருவில் கூட்டம் நடந்தால் காலனிப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். மேலவளவு ஊராட்சியின் தலித் தலைவர் முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டது இந்தத் தமிழ்நாட்டில்தான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளில் 1996-லிருந்து பத்தாண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியாமல், 2006-இல்தான் நடந்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சரே கிராம சபையில் உட்கார்ந்தார். தூரம் கடந்திருக்கிறோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். தலைவருக்கே அந்த நிலை என்றால், அந்தத் தெருவிலிருந்து வரும் மாணவன் கை தூக்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். இளைஞர் பங்கேற்பு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தத் தெரு இளைஞர் என்றும் கேட்க வேண்டும்.

ஒரு தாள் செய்த வேலை

எனக்குத் தெரிந்த ஒரு கடைமடை ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

அங்கே கல்லூரிப் பிள்ளைகள் சிலர், ஐடிஐ முடித்த ஒரு பையன், திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவில் வந்த ஒருவர், நான் எல்லாரும் ஒரு சாயங்காலம் நூலகத் திண்ணையில் உட்கார்ந்தோம். ஒன்றிய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தைக் கைபேசியில் திறந்தோம். 2020 ஏப்ரலில் தொடங்கிய தளம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் அந்த ஊரின் ஆண்டுத் திட்டமும் செலவும் வரும். அவர்கள் யாரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. தங்கள் ஊர்ப் பெயர் திரையில் வந்ததும் எல்லாத் தலையும் அந்தக் கைபேசி மேல் கவிழ்ந்தது.

"அக்கா, இதுல போட்டிருக்கிற வடிகால் எந்தத் தெரு?" என்று ஒரு பெண் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அங்கிருந்து கேள்விகள் வர ஆரம்பித்தன. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 60 சதவீதம் கட்டுப்பட்ட நிதி, பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு, மீதி 40 சதவீதத்தில்தான் ஊர் தன் தேவைக்கு ஏற்பச் செலவு செய்யலாம் என்று சொன்னேன். திருப்பூர்க்காரர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்போ ரோடு போடு ரோடு போடுன்னு கத்துறோமே, அது இந்த நாப்பதுலதான் வரணும். வடிகால் கேட்டா அந்த அறுபதுல வருமா?" அவ்வளவுதான். அதுவரை தலைவரைத் திட்டிக்கொண்டிருந்த பேச்சு, எந்தப் பணத்தில் எதைக் கேட்பது என்ற பேச்சாக மாறிவிட்டது.

ஐடிஐ பையன் தெருவிளக்கை எடுத்துக்கொண்டான். சைக்கிளில் இரவு சுற்றி, எரியாத விளக்கு ஒவ்வொன்றுக்கும் மின்கம்ப எண்ணைக் குறித்தான். கம்பத்தில் எண் அழிந்திருந்தால் எதிர்வீட்டுக் கதவு எண். பல்பு போனதா, பெட்டி போனதா, ஒயர் அறுந்ததா என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. அவன் தொழில் அது, அவனுக்குத்தான் தெரியும். கிராம சபையில் அந்த நோட்டை அவன் வாசிக்க ஆரம்பித்தபோது வழக்கம்போல "உட்காருப்பா" என்று ஒரு குரல் வந்தது. அவன் நிறுத்தாமல் எண்களைச் சொல்லிக்கொண்டே போனான். நாலாவது கம்பத்தில் கூட்டம் அமைதியானது. ஏழாவது கம்பம் வந்தபோது ஜமுக்காளத்திலிருந்து ஒரு அம்மா, "அது எங்க வீட்டு முக்கு, ஆமா எரியலை" என்றார். செயலர் பேனாவை எடுத்து, "தம்பி, அந்த நோட்டைக் குடு, நகல் எடுத்துக்கிறேன்" என்றார். வருகையாளர்களின் கையெழுத்துக்கு மட்டும் திறந்திருந்த தீர்மானப் புத்தகத்தில் அன்று அவன் குறித்த கம்ப எண்கள் ஏறின.

விளக்கெல்லாம் எரிந்ததா என்றால், பாதி எரிந்தது. கேட்ட வடிகால் வரவில்லை. அடுத்த சபையில் அந்தப் பெண் ஏன் என்று கேட்டாள். மதிப்பீடு எவ்வளவு வந்தது, கையில் எவ்வளவு இருக்கிறது, முதலில் எந்த நீளம் வரை செய்ய முடியும் என்று செயலர் தாளைக் காட்டிப் பதில் சொன்னார். அவள் ஏற்றுக்கொண்டாள். "இல்லைன்னு சொன்னாலும் பரவாயில்லக்கா, ஏன்னு சொன்னாங்கல்ல" என்று வெளியே வரும்போது சொன்னாள். இளைஞர்கள் கேட்டதெல்லாம் கிடைத்தால்தான் வருவார்கள் என்று நினைப்பது தவறு. கேட்டதற்குப் பதில் கிடைத்தால் வருவார்கள்.

மற்ற இடங்களில்

கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்குப் போனது. பணம் போனதோடு ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஊர் ஊராகத் தகவல் திரட்டினார்கள். அதற்கு முன்பே கண்ணூர் மாவட்டம் கல்லியாசேரியில் ஊரின் நிலம், நீர், வளம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்திருந்தார்கள். வரைபடம் கையில் இருந்ததால் முடிவு யார் குரல் பெரிது என்பதைப் பொறுத்து நிற்கவில்லை. தகவல் திரட்டியவர்களுக்கு முடிவில் பேச உரிமை தானாக வந்தது.

கர்நாடகத்தில் குந்தாபுரா வட்டாரத்தில் 1990-களில் குழந்தைகளின் பஞ்சாயத்து முயற்சிகள் நடந்தன. பின்னர் அந்த மாநில அரசு, ஊராட்சிகள் குழந்தைகளுக்கென்று ஆண்டுக்கு ஒரு கிராம சபை நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. தலைவரும் அலுவலர்களும் உட்கார, பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். பள்ளிக்குப் போகும் பாதை, கழிப்பறை, பேருந்து. வாக்குரிமை இல்லாத வயது என்பதால் அவர்களுக்கு ஊர்ப் பிரச்சினை இல்லாமல் போய்விடுகிறதா? ஏழு மணிக்கு மேல் பேருந்து இல்லை என்றால் டியூஷனை நிறுத்துவது அவர்கள்தானே. நம் கன்னியாகுமரிப் பக்கமும் தெரு அளவில் குழந்தைகள் பாராளுமன்றம் நடத்திய அனுபவம் உண்டு. தண்ணீருக்கு ஒரு அமைச்சர், சுகாதாரத்துக்கு ஒரு அமைச்சர் என்று பிள்ளைகளே பொறுப்பெடுத்துத் தெருவைக் கவனிப்பார்கள். தலைமை தாங்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014-இல் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, 12 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள் வாக்களித்து எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கச் சொன்னது. பூங்காச் சீரமைப்பு, பள்ளிகளுக்கு மடிக்கணினி, ஓவியம் வரையச் சுவர் எல்லாம் அதில் வந்தன. நகரத்தின் மொத்தச் செலவில் அது சின்னத் தொகைதான். ஆனால் அந்தத் தொகைக்குள் முடிவு அவர்களுடையது.

இலங்கையின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கம். 1990-இல் உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுப் பட்டியலில் 40 சதவீதம் இளைஞர்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 18 முதல் 35 வயது வரை இளைஞர் என்று கணக்கு. 2012-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. 2023-இல் 25 சதவீதமாகத் திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிரதேச சபைகளுக்குப் போட்டியிட்ட இளைஞர்களுக்கு இது ஒரு கதவு. நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் பட்டியலில் பெயர் எழுதுவதும் சபையில் முடிவில் கை வைப்பதும் வேறு வேறு. பட்டியலை நிரப்ப ஆள் பிடிக்கிற வேலையாக அது சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது கட்சிகளின் பொறுப்பு.

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃபுக்காகப் பங்கேற்பின் ஏணி என்று ஒன்றை எழுதினார். எட்டுப் படிகள். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளைகளைப் பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு ஒருவரை மேடையில் உட்கார வைப்பது. விழாவில் பன்னீர் தெளிக்கவும், விழிப்புணர்வுப் பேரணியில் பதாகை பிடிக்கவும், மரக்கன்று நட்டுப் படம் எடுக்கவும் நாம் பிள்ளைகளைக் கூப்பிடும்போதெல்லாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

நம் ஊரில் என்ன செய்யலாம்

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கையில் இருப்பதை வைத்தே செய்யக்கூடியவை இவை:

1. ஏழு நாள் அறிவிப்போடு கணக்கும் வரட்டும். வரவு செலவு அறிக்கை, வேலைப் பட்டியல், கூட்டப் பொருள் மூன்றையும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் முன்னால் போடுங்கள். ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். கூட்டத்தன்று மைக்கில் வேகமாக வாசிக்கும் கணக்கு யாருக்கும் புரியாது, வாசிப்பவருக்கும் அது தெரியும்.

2. கூட்டத்தின் முதல் பொருள் போன தீர்மானங்களாக இருக்கட்டும். எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன். பத்து நிமிடம் போதும். இந்த ஒன்றைச் செய்தாலே கூட்டத்தின் குணம் மாறிவிடும்.

3. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் காலத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2-ஐ ஒட்டித் திட்டமிடும் இயக்கம் தொடங்குகிறது. தெருவிளக்கு, குழாய், வடிகால், ஊருணி, அங்கன்வாடி என்று தெருவுக்கு இரண்டு பேர் கணக்கெடுக்கட்டும். அதில் காலனித் தெருவுக்கு அந்தத் தெருப் பிள்ளைகளே இருக்கட்டும். அவர்கள் எடுத்த கணக்கு திட்டத்தில் ஏறட்டும்.

4. ஊராட்சியின் சொந்த வருவாயில் ஒரு சிறு தொகையை இளைஞர்கள் முடிவுக்கு விடுங்கள். வீட்டு வரியில் வந்த பணத்தில் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ. விளையாட்டுத் திடலா, படிப்பகத்துக்கு மேசையா, பேருந்து நிறுத்தத்தில் விளக்கா என்று அவர்கள் பேசி முடிவு செய்து, கிராம சபையின் ஒப்புதலுக்கு வைக்கட்டும். தவறான முடிவு எடுத்தாலும் அடுத்த ஆண்டு அவர்களே திருத்துவார்கள்.

5. கிராம சபைக்கு முந்தைய வாரம் பள்ளியில் ஒரு கூட்டம். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகள் தங்கள் கோரிக்கைகளை எழுதட்டும். தலைவரோ, தலைவர் இல்லாத காலத்தில் பொறுப்பில் இருக்கும் தனி அலுவலரோ எழுத்தில் பதில் தரட்டும், அது வகுப்பில் வாசிக்கப்படட்டும்.

6. பெண் பிள்ளைகளுக்குப் பேச வசதியான நேரமும் இடமும் பாருங்கள். சுய உதவிக் குழுக் கூட்டத்தோடு சேர்த்து ஒரு முன்கூட்டம் வைத்தால் அம்மாவும் மகளும் சேர்ந்தே வருவார்கள். அங்கே பேசிப் பழகியவள் சபையிலும் எழுந்து நிற்பாள்.

நகரத்தில் இருப்பவர்கள் இது கிராமத்துக் கதை என்று கடந்துபோக வேண்டாம். தமிழ்நாட்டில் 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடின. உங்கள் பகுதி சபை எங்கே, எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிராம சபை தெரிந்த அளவுக்குக்கூட நகரத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

சொல்லப்படும் மறுப்புகள்

"கட்சிக்காரங்க பசங்களைப் பயன்படுத்திக்குவாங்க" என்பார்கள். இப்போது பயன்படுத்திக்கொள்ளவில்லையா? கொடி கட்டவும் பைக் பேரணிக்கும் யார் போகிறார்கள்? கணக்கு படிக்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கொடி கட்டும் பிள்ளையை ஏமாற்றுவதைவிடக் கடினம்.

"அனுபவம் இல்லை" என்பார்கள். உண்மைதான். எந்த வாய்க்கால் எந்த வருஷம் உடைந்தது, எந்தப் புறம்போக்கு யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் இளைஞர்களுக்கென்று தனி மேடை போட்டு ஒதுக்கிவிடக் கூடாது என்கிறேன். பெரியவர் நினைவும் பிள்ளையின் கைபேசியும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார வேண்டும்.

"ரெண்டு வருஷத்துல சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போயிடுவான்" என்பார்கள். போகட்டும். ஊர்க் கணக்கு தெரிந்து போனவன் எங்கே இருந்தாலும் ஊரைக் கேள்வி கேட்பான், தேவைப்பட்டால் பணமும் அனுப்புவான். பேராவூரணியில் அதுதான் நடந்தது. அதோடு, அவனுக்குப் பின்னால் அடுத்த பதினெட்டு வயதுக்காரர் வந்துகொண்டேதான் இருப்பார். ஆளை நம்பாமல் முறையை நம்பினால் இந்தக் கவலை தேவையில்லை.

ஏன் இப்போது சொல்கிறேன்

2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். இடையில் மூன்று ஆண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்த மாவட்டங்களில் பதவிக்காலம் மறுபடியும் முடிந்து, ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போயின.

இதை ஒரு பெண்ணின் வயதில் வைத்துப் பாருங்கள். 2019 தேர்தலின்போது அவளுக்குப் பதினேழு. 2025 முடியும்போது இருபத்து மூன்று. பட்டம் வாங்கியிருப்பாள், சம்பாதிக்க ஆரம்பித்திருப்பாள், திருமணம்கூட ஆகியிருக்கலாம். தன் ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு வாக்குகூட அவள் போட்டதில்லை. உள்ளாட்சித் தேர்தலின் வாக்குச்சாவடியையே காட்டாமல் வைத்திருந்துவிட்டு அவளுக்கு ஊர் மேல் அக்கறை இல்லை என்று சொல்வது நியாயமா? உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவதைவிடப் பெரிய இளைஞர் நலத் திட்டம் எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடுகிறது. சொல்லப்போனால் அப்போதுதான் அது இன்னும் முக்கியம். ஊரின் சார்பில் கேட்க வேறு யாரும் இல்லாதபோது சபையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் ஊர்.

இதைப் படிக்கும் தலைவர்களே, செயலர்களே, அலுவலர்களே, அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் கணக்கை வெளியிடுங்கள். ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளை சபைக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள், முடிந்தால் கூடவே போங்கள். பதினெட்டு வயது ஆனவர்களே, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இல்லாவிட்டால் படிவம் 6 கொடுங்கள். இ-கிராம்ஸ்வராஜில் உங்கள் ஊரைத் திறந்து ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அது நடந்ததா என்று நேரில் போய்ப் பாருங்கள். பார்த்ததை எழுதிக்கொண்டு நாலு பேராகச் சபைக்குப் போங்கள். உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள். மரியாதையாக, தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கேளுங்கள்.